வலமாக இறங்கிய விமானம்

விமானம் ஓட்டியவள் என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு உயரம் போனீங்க? எனக்கு எரிச்சலாக வரும். உயரம் போவதில் என்ன இருக்கிறது? எஞ்சினுக்குத் தெம்பு இருந்தால் அது பாட்டுக்குப் போகும். இறங்கினதைக் கேளுங்கள். கதவைக் கழற்றிப்போட்ட ஒரு சின்ன விமானத்தைப் பத்தாயிரம் அடியிலிருந்து மூக்குக் குப்புறக் கவிழ்த்து, அடுப்பில் வைத்த இட்லி வேகிறதற்குள் தரைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஒரு கோடை முழுவதும், தினமும். திருச்சியில் அந்த வேலையைச் செய்த ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

எங்கள் வீடு புத்தூரில். அப்பா கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், நான் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் போய்விட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் தங்கி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினேன். வாங்கி என்ன பிரயோஜனம்? வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் காப்பி கொடுத்து, மரியாதையாகப் பேசி, அனுப்பிவைத்தார்கள். "நீங்க கல்யாணம் ஆகிப் போயிடுவீங்களே" என்று ஒருவர் ரொம்ப அக்கறையாகச் சொன்னார். நான் கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, எங்கேயும் போகவும் இல்லை. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, "என்ன டீச்சர், உங்க ஏரோப்ளேன் இன்னும் வரலையா?" என்று கேட்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுவேன்.

ஏரோப்ளேன் எண்பதுகளின் பிற்பாதியில் வந்தது. ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், சாதாரண ஜனங்களுக்கும் வானத்திலிருந்து குதிக்கக் கற்றுத்தரப் போகிறேன் என்று திருச்சியில் கோடை முகாம் போட்டார். அவரை எல்லோரும் மேஜர் என்றுதான் கூப்பிடுவோம். கோடையில் காவிரி வற்றிக் கிடக்கும், திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே அவ்வளவு மணல். விழுந்தாலும் எலும்பு தப்பும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வெளிநாட்டில் செய்த ஒற்றை எஞ்சின் டர்போபிராப், அதாவது ஜெட் மாதிரி எஞ்சினால் முன்னால் விசிறியைச் சுழற்றுகிற விமானம் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து நம் விமான நிலையத்தில் நிறுத்தினார். பேசிவைத்திருந்த பைலட் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, உள்ளூரில் லைசென்ஸ் உள்ளவள் நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார். "இந்தக் கோடைக்கு ஓட்டுங்க. பிரச்சனை இல்லாமப் போச்சுன்னா உங்களையே நிரந்தரமா வச்சுக்கறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் லீவு கூடச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டே வந்தேன்.

ஏன் அப்படித் தலைதெறிக்க இறங்க வேண்டும் என்று கேட்பீர்கள். கீழே அடுத்த கூட்டம் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் காத்திருக்கும். மெதுவாக இறங்கினால் ஒரு நாளில் பாதிப் பேரைத்தான் ஏற்ற முடியும், முகாமை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். சாதாரண பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் திடீரென்று குளிர்ந்து வெடிப்பு விட்டுவிடும். டர்போபிராப்புக்கு அந்தப் பயம் இல்லை. எஞ்சினை அடக்கினதும் முன்னால் சுற்றுகிற விசிறியின் இறக்கைகள் காற்றுக்கு எதிரே முறத்தைப் பிடித்த மாதிரி தட்டையாகி மறிக்கும். அந்த மறிப்பு இருப்பதால்தான் மூக்கை அவ்வளவு தூரம் கவிழ்த்தாலும் வேகம் எல்லை மீறாது. வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. ஊசி அதைத் தொட்டுவிடாமல், அதை விட்டு ரொம்ப விலகியும் போய்விடாமல் வைத்திருப்பதுதான் வித்தை. காது இரண்டும் அடைக்கும். அதற்கு நான் மணப்பாறை முறுக்கு வைத்திருப்பேன். கடித்து மென்று விழுங்கிக்கொண்டே வந்தால் காது திறந்துகொள்ளும். விமானத்தின் தரையெல்லாம் முறுக்குத் தூள் என்று மேஜர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

நகரத்துக்கு மேலே அப்படி விழக் கூடாது என்று விமான நிலையத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஆற்று மணலுக்கு நேரே ஆட்களை இறக்கிவிட்டு, கொஞ்சம் வடக்கே தள்ளிப் போய், ஸ்ரீரங்கம் தீவுக்கு மேலே சுழன்று சுழன்று இறங்குவேன். பிறகு மேற்கே ஆற்றோடு போய், ஊரைச் சுற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குத் திரும்புவேன். சுழல்வதற்குத் தரையில் ஏதாவது ஒரு குறி வேண்டும். கட்டி முடித்துக் கொஞ்ச நாளே ஆகியிருந்த ராஜகோபுரத்தை வைத்துக்கொண்டேன். அதைவிட நல்ல குறி இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் போய்ப் புகார் சொல்லியிருக்கிறார். விமானம் இறங்குகிற விதம் கோயிலுக்கு ஆகாது என்று புகார். அங்கே உள்ள அதிகாரி வருகிற திங்கள் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை இரண்டு தரப்பையும் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் புகார் சொன்னவரைச் சமாதானப்படுத்தாவிட்டால் முகாமுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்துவிடுவாராம்.

"டெல்லிப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச பைலட் ஒருத்தர் இருக்கார். பெரிய அனுபவஸ்தர்" என்றார் மேஜர். "புதுப் பைலட், இனிமே புகார் வராதுன்னு சொல்லி அனுமதியைக் காப்பாத்திக்கலாம்னு பாக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

தப்பா நினைக்காமல் வேறெப்படி நினைப்பதாம்? புகார் நிற்கிறதோ இல்லையோ, என் இருக்கை போகப்போகிறது. திரும்பவும் சாக்பீஸ், திரும்பவும் மாதா கோயில் வாசலில் அந்தக் கேள்வி. புகார் சொன்னவரை நானே போய்ப் பார்க்கிறேன், அந்தத் திங்கட்கிழமை வரை டெல்லிக்குப் போன் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மேஜர் அரை மனதாகத் தலையாட்டினார்.

"போய்ப் பேசு, தைரியமாப் பேசு" என்றாள் அம்மா. "ஆனா வாயைக் கொஞ்சம் வீட்டுல வச்சிட்டுப் போ."

புகார் சொன்னவர் வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில். நான் யாரோ கிழவர் என்று நினைத்துப் போனேன், நாற்பதைக் கொஞ்சம் தாண்டினவர்தான். பகலில் பேங்கில் கேஷியர், காலையிலும் சாயங்காலமும் கோயிலில் பிரபந்தம் சொல்கிற கோஷ்டியில் நிற்பவர். நெற்றி நிறையத் திருமண் இட்டு, குடுமியை முடிந்துகொண்டு, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான்தான் அந்த விமானத்தை ஓட்டுகிறவள் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா? பொம்மனாட்டியா அத்தனை வேகமா விழறேள்?"

"விழலைங்க. இறங்கறேன்" என்றேன். வாயை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை என்று எனக்கே தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சத்தம் தொந்தரவா இருக்குன்னா, காலைல பூஜை நேரம் விட்டு அப்பறமா ஏறச் சொல்றேன் சார்" என்றேன்.

"சத்தமா?" என்று அவர் சிரித்தார். "ரயில் ஊதறது, பஸ் ஹாரன் அடிக்கறது, கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒலிபெருக்கி கட்டறா. சத்தத்துக்கெல்லாம் கலெக்டர் ஆபீஸுக்குப் போவேனா? நான் மொட்டை மாடில நின்னு தினமும் பாத்துண்டிருக்கேன். கிழக்கேர்ந்து வடக்கே போறேள். வடக்கேர்ந்து மேற்கே போறேள். எங்க தேர் என்னிக்காவது அப்படி ஓடிப் பாத்திருக்கேளா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார். "பெருமாளை இடப்பக்கம் வெச்சு அப்பிரதக்ஷிணமாச் சுத்தறேள். ஒரு நாளைக்கு எத்தனை தரம்? கோயில்ல ஒருத்தர் தெரியாம அப்படி ஒரு சுத்துச் சுத்தினாலே பிடிச்சுத் திருப்பி விடுவோம்."

சிரிப்பு வந்தது, அதை அடக்கினேன். உடனே கோபம் வந்தது, அதை அடக்க முடியவில்லை. பைலட்டுக்கு இடப்பக்கம்தான் இருக்கை, இடப்பக்கம்தான் ஜன்னல், இடப்பக்கம் சாய்ந்தால்தான் எனக்குக் கீழே தெரியும், அங்கே பாராசூட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், குருடி மாதிரி அவர்கள் நடுவே போய் இறங்கச் சொல்கிறீர்களா என்று படபடவென்று கேட்டேன். உலகத்தில் எந்தப் பைலட்டும் இப்படித்தான் இறங்குவான் என்றும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்போ வலப்பக்கம் இறங்க ஒங்களுக்கு வராதுங்கறேள்."

அந்த ஒரு வார்த்தை போதும். வராது என்று என்னிடம் சொன்னவர்கள் வரிசையில் அவரும் வந்து நின்றுவிட்டார். "வரும்" என்றேன். "வலப்பக்க சீட்ல நீங்க வந்து உக்காருங்க. எனக்குத் தெரியாத பக்கத்தை நீங்க பார்த்துச் சொல்லுங்க. நான் இறக்கிக் காட்டறேன்."

அவர் எதிர்பார்க்கவில்லை. கோயிலுக்கு மேலே ஏறிப் பார்க்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே போய்த் தன் மனைவியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். "கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வந்து மேலே சுத்தறதில்லையா? அதுக்கு யார் அபசாரம்னு சொல்றா? வரேன். ஆனா கருடன் எப்பவும் வலமாத்தான் சுத்தும், அதை ஞாபகம் வெச்சுக்கோங்கோ." கருடன் எப்படியும் சுற்றும், காற்று எங்கே தூக்குகிறதோ அங்கே சுற்றும், ஆயிரம் தடவை பக்கத்தில் பறந்து பார்த்திருக்கிறேன். அம்மா சொன்னதை நினைத்து அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்.

சவால் விட்டுவிட்டு வந்தாயிற்று. மறுநாள் மாலை, ஆட்கள் யாரும் இல்லாமல் விமானத்தை எடுத்துக்கொண்டு, தீவுக்கு வடக்கே ஓடுகிற கொள்ளிடத்துக்கு அந்தப்பக்கம் போய் வலமாக இறங்கிப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. என் ஜன்னலில் வெறும் ஆகாயம். பூமி முழுவதும் அடுத்த பக்கம் போய் ஒளிந்துகொண்டது. கையும் காலும் பழகின பக்கமே இழுத்தன. வேகமானி ஊசி சிவப்புக் கோட்டைப் போய் உரசிவிட்டு வந்தது. பாதியிலேயே நிமிர்த்திவிட்டேன். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். கடைசியில் முழுதாக ஒன்று வந்தது. அழகாக வந்தது என்று சொல்ல மாட்டேன், வந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை கேஷியர் விமான நிலையத்துக்கு வந்தார். பஞ்சகச்சம், மேலே உத்தரீயம். கதவில்லாத விமானம், உத்தரீயத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். பேசவும் கேட்கவும் தலையில் மாட்டுகிற கருவியைக் குடுமிக்கு மேலே பொருத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பின்னால் குதிக்கிறவர்கள் ஆறு பேர் தரையில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்தார்கள். மேஜர் கீழே ஆற்று மணலில் காத்திருந்தார். காது அடைக்கும், மெல்லுங்கள் என்று கேஷியருக்கு முறுக்கை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மடியிலிருந்து கல்கண்டுப் பொட்டலத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் இரண்டு கொடுத்தார்.

ஏறினோம். இரண்டு ஆறும் பிரிந்து நடுவே தீவு முழுசாகத் தெரிந்தபோது, தோப்பும் வீதியும் மதிலுக்குள் மதிலும் தெரிந்தபோது, அவர் கைகூப்பினார். நடுவே கர்ப்பக்கிரகத்தின் மேலிருக்கும் தங்க விமானம் வெயிலில் பளிச்சென்றது. "கோபுரத்தைச் சுத்தாதீங்கோ" என்றார். "இதைச் சுத்துங்கோ. பெருமாள் இங்கேதானே இருக்கார்."

ஆற்றுக்கு மேலே வந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். விமானம் லேசாகித் துள்ளியது. அவர் திரும்பிக் காலியான தரையைப் பார்த்தார். கண்ணெதிரே ஆறு பேர் இல்லாமல் போனதில் ஆள் கொஞ்சம் வெளிறித்தான் போனார்.

"சார், இப்ப உங்க பக்கம் சாய்க்கப் போறேன். எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது. கீழ குடை விரியறதை எண்ணிக்கிட்டே வாங்க. ஆறு வரணும்."

"எண்றதுதானே எனக்கு உத்தியோகம். நீங்க பிரதக்ஷிணத்தைப் பாருங்கோ."

எஞ்சினை அடக்கினேன். வலது இறக்கை கீழே போயிற்று, மூக்கு கவிழ்ந்தது. கதவு இருந்த இடத்தில் காற்று ஊளையிட்டது. உயரமானியின் முள் பின்பக்கமாக ஓடியது. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. ஒரு சுற்று முடிந்தது. ஊசி கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நின்றது. பழகின பக்கத்தைவிட நன்றாகவே வருகிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை கிளம்பியது.

"அஞ்சு" என்றார் அவர்.

"ஆறு இருக்கணும் சார். ஆத்து மேல நல்லாப் பாருங்க."

"ரெண்டு தரம் எண்ணியாச்சு. அஞ்சுதான்."

ஆறாவது குடை விரியவில்லையா, அல்லது வேறெங்கேயாவது விரிந்துவிட்டதா? நான் பார்க்க வழியில்லை, என் பக்கம் நீலமாக வெறும் வானம். "ஆத்துல பாக்காதீங்க, நமக்குப் பக்கத்துல பாருங்க" என்று கத்தினேன்.

"இருங்கோ. இங்க ஒண்ணு இருக்கே. கீழ, கிட்டக்க, நாம போற வழியிலேயே."

நான் யோசிக்கவில்லை. கையிலிருந்த பிடியை முழுவதும் இடப்பக்கம் தள்ளினேன். விமானம் புரண்டு மறுபக்கம் சாய்ந்து வெளியே ஓடியது. அப்போதுதான் என் ஜன்னலில் அந்தக் குடையைப் பார்த்தேன். உள்ளே தொங்கினவரின் முகம் தெரிகிற தூரம் இல்லை, ஆனால் அவர் காலை ஆட்டுவது தெரிந்தது. பயிற்சிக்கு வந்த முசிறிக்காரர் ஒருவர், பயத்தில் குதித்த உடனேயே கயிற்றை இழுத்துவிட்டிருக்கிறார். காற்று அவரை வடக்கே தீவுக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கிணறு மாதிரி நான் சுழன்று இறங்குகிற வட்டத்துக்குள் நேரே வந்து நின்றிருக்கிறார்.

மிச்ச உயரத்தை இடமாகவே இறங்கினேன், என் கண் எனக்கு வேண்டியிருந்தது. தரை தொட்டு விமானத்தை நிறுத்தினேன். ஓர் உயிர் தப்பியது, அந்த நன்றி இருந்தது. இருந்தாலும் பொய் சொல்வானேன், என் வேலை போயிற்றே என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது. கேஷியரின் பெருமாளை நட்டநடுவானில் இடப்பக்கமாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மேஜர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். முசிறிக்காரர் தீவில் ஒரு வாழைத்தோப்பில் பத்திரமாக இறங்கிவிட்டார் என்று சொன்னார். அடுத்த மூச்சில், "பார்த்தீங்களா, இதுக்குத்தான் யாரும் வலப்பக்கம் இறங்கறதில்லை. போதும் மேடம். இன்னிக்கே டெல்லிக்குப் பேசிடறேன்" என்றார். நான் குனிந்து விமானத்தின் தரையில் கிடந்த முறுக்குத் தூளைக் கையால் கூட்ட ஆரம்பித்தேன்.

உத்தரீயத்தை அவிழ்த்து உதறிப் போட்டுக்கொண்டிருந்த கேஷியர், எங்கள் பக்கம் திரும்பினார். "இன்னும் முடியலையே" என்றார்.

"என்ன சார் முடியலை?" என்றார் மேஜர்.

"பிரதக்ஷிணம். பாதியில நிக்கறது. மறுபடி ஏறணும்."

"நான்தான் இடப்பக்கம் திரும்பிட்டேனே சார்" என்றேன்.

"பிரதக்ஷிணம் பண்றச்சே ஒருத்தர் குறுக்கே விழுந்து சேவிச்சிண்டிருந்தா, மிதிச்சிண்டா போவோம்? ஒதுங்கித்தான் போவோம். ஒதுங்கினது தப்பில்லை. ஒதுங்கிட்டு அப்படியே வெளியே போயிட்டாத்தான் தப்பு." மேஜரைப் பார்த்து, "திங்கட்கிழமை நான் வந்து என்ன சொல்லணும்னு எனக்கு இன்னும் தெரியலை. தெரியணும்னா இவா இன்னொரு தரம் இறக்கணும்" என்றார்.

மேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தை ஏற்றச் சொன்னார்.

அந்த இரண்டாவது இறக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் அடக்கமாகப் பேசினதில்லை. ஆறு பேரும் வெளியே போனார்கள். எஞ்சினை அடக்கினேன், வலமாகச் சாய்த்தேன், கவிழ்த்தேன். இந்தத் தடவை கை கேட்டது. காலும் கேட்டது. அவர் தன் ஜன்னல் வழியே தங்க விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னும் கொஞ்சம் உள்ளே, ஆச்சு, இப்படியே" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நடுநடுவே குடை எண்ணிக்கை. மூன்று, நாலு, ஆறும் வந்தாயிற்று, ஆறும் ஆற்றிலேயே இருக்கின்றன. ஊசி கோட்டை ஒட்டி நின்றது, அசையவே இல்லை. தேரைத் திருப்புகிறவன் முட்டுக்கட்டையைப் போட்டுப்போட்டு வீதிமுனையில் திருப்புவானே, அந்த மாதிரி ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வாய்விட்டுப் பிரபந்தம் சொல்ல ஆரம்பித்தார். காற்றுக்கு மேலே கேட்க வேண்டுமென்று உரக்கச் சொன்னார். காது அடைத்தது தெரியாமல் கத்தினார் என்றும் சொல்லலாம். ஆற்றோடு நிமிர்ந்து மேற்கே திரும்பியபோது, ஒரு சுற்றுக் கூடப் பிசகாமல் கீழே வந்திருந்தோம். எந்தக் கம்பெனியில் என்னை எந்தக் கண்ணால் பார்த்து அனுப்பினார்களோ, அந்தக் கண்களெல்லாம் அப்போது தரையில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மூன்று பேரும் அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம். மேஜர் முந்திக்கொண்டார். "சார், இவங்க நல்லாத்தான் ஓட்டறாங்க. ஆனா நான் ரிஸ்க் எடுக்க விரும்பலை. அனுபவமுள்ள பைலட் ஒருத்தரை வரவழைக்கறேன். புகாருக்கு இடமே இருக்காது" என்றார். சனிக்கிழமை ராத்திரியே டெல்லிக்குப் பேசிவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சண்டைக்கு வாயைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் கேஷியர் பேசினார். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

"புதுப் பைலட் வர்றதுக்கா?" என்றார் அதிகாரி.

"இல்லை. இந்தம்மா இறக்கறதுக்கு. வலமா இறக்கறா, நானே கூட உக்காந்து பாத்தேன். வேற யாராவது ஓட்டறதா இருந்தா, அவரும் என்னைப் பக்கத்துல உக்காத்தி வெச்சிண்டு இதே மாதிரி இறக்கிக் காட்டட்டும். அதுவரைக்கும் என் ஆட்சேபணை அப்படியே இருக்கு."

அதிகாரி மேஜரைப் பார்த்தார். "உங்க டெல்லிக்காரரு வலப்பக்கம் இறங்குவாருங்களா?"

மேஜர் தொண்டையைக் கனைத்தார். "முந்தாநாள் ராத்திரி போன்ல கேட்டேன் சார். அப்படி யாரும் இறங்கறதில்லைன்னு சொல்றார்."

"இவங்க இறங்கறாங்களே?"

"இவங்க இறங்கறாங்க" என்றார் மேஜர். அவர் வாயிலிருந்து அது வெளியே வருவதற்கு எவ்வளவு சிரமப்பட்டது என்று நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இந்த மேடம் ஓட்டினாத்தான் அனுமதின்னு எழுதிக்கவா?"

மேஜர் என்னைப் பார்த்தார். நான் அவரை நேரே பார்த்தேன், உதவிக்குப் போகவில்லை.

"எழுதிக்கங்க சார்" என்றார்.